துணி இருக்கையில் பால் கறை



பேராக்கில் பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. எனினும் சிறுதோட்டங்களில் பால்மரம் வெட்டுவோர் இன்னும் உண்டு. வெட்டு முடிந்து அதே சட்டையோடு காரில் ஏறினால், துணி இருக்கையில் பால் ஒட்டிக்கொள்கிறது. சட்டையை ஊறவைத்துத் துவைக்கலாம். இருக்கையை அப்படிச் செய்ய முடியுமா? ஆகவே கறையின் குணமறிந்து கைவைக்க வேண்டும்.

பாலை உறையவைக்க ஃபார்மிக் அமிலம் ஊற்றுவதை நீங்கள் அறிவீர்கள். எலுமிச்சைச் சாறும் வினிகரும் அமிலமே. ஈரப்பாலில் இவற்றைத் தேய்த்தால் நூலுக்குள்ளேயே பால் கட்டியாகிவிடும். வெந்நீரும் ஆகாது. சோப்பு கலந்த குளிர்ந்த நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி உடனே ஒற்றியெடுங்கள்.

காய்ந்துவிட்டதா? ஐஸ்கட்டியைப் பிளாஸ்டிக் பையிலிட்டு அதன்மேல் அழுத்துங்கள். பால் சற்று விறைத்ததும் மழுங்கிய கரண்டியால் மெல்ல உரித்தெடுங்கள். சிறிது தடம் எஞ்சினாலும் பாதகமில்லை.

பெட்ரோல் ஊற்றித் தேய்ப்போர் உண்டு. ரப்பர் அதில் இளகும் என்பது உண்மைதான். ஆனால் அதன் ஆவி காருக்குள் தங்கித் தலைசுற்றச் செய்யும். ஒரு தீப்பொறி போதும், காரே எரிந்துவிடும். பிள்ளைகள் அமரும் இடத்தில் அது வேண்டவே வேண்டாம்.

குழம்புக் கறை சோப்பு பட்டதும் சிவந்தால் அஞ்சாதீர்கள். மஞ்சள் காரத்தில் சிவக்கும், வெயிலில் மங்கும். ஒற்றியெடுத்தபின் கதவைத் திறந்து வெயில் படவிடுங்கள்.

எந்தக் கறையானாலும் நீரைக் கொட்டாதீர்கள். ஈப்போ மழைக்காலத்தில் இருக்கையின் உள்பஞ்சு எளிதில் காயாது; பூஞ்சை பிடித்து நாறும்.

பழைய கைலி ஒன்றை விரித்து அமர்ந்தால் இவ்வளவு வேலையும் இல்லை.