துபாயில் 30 நாள், சிங்கப்பூரில் 7 நாள், சென்னையில்? ஆஃபர் லெட்டரில் கவனிக்காமல் விடும் லீவு கணக்கு!

வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டது என்றதும் வீட்டில், நண்பர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் என எல்லா இடத்திலும் வரும் முதல் கேள்வி, "சம்பளம் எவ்வளவு?" என்பதுதான். வருஷத்துக்கு எத்தனை நாள் லீவு என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஊரில் ஒரு கல்யாணமோ துக்கமோ வரும்போதுதான் ஆஃபர் லெட்டரில் அந்தப் பக்கத்தைத் தேடுகிறார்கள்.

சட்டம் என்ன தருகிறது?

ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021-ம் ஆண்டு தொழிலாளர் சட்டப்படி, தனியார் நிறுவனத்தில் ஓராண்டு முடித்தவருக்கு வருடத்துக்கு 30 நாள் சம்பளத்துடன் விடுப்பு. சவுதியில் 21 நாள், ஐந்தாண்டு முடிந்த பிறகு 30 நாள். சிங்கப்பூரில் முதல் ஆண்டு 7 நாள்தான். ஆண்டுக்கு ஒரு நாள் கூடி, 8-ம் ஆண்டில் 14 ஆகும். அரசு விடுமுறை 11 நாள் தனி.

சென்னையில்? தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி ஓராண்டு வேலை பார்த்தவருக்கு ஈட்டிய விடுப்பு 12, தற்செயல் விடுப்பு 12, மருத்துவ விடுப்பு 12. இதோடு தேசிய, பண்டிகை விடுமுறைகள் 9 நாள். ஆக, பேப்பரில் பார்த்தால் சிங்கப்பூரைவிட சென்னையே தாராளம்!

அமீரகத்தின் 30 நாளிலும் ஒரு விஷயம் இருக்கிறது. அது காலண்டர் நாள் கணக்கு. வார விடுமுறையும் அதற்குள் அடக்கம். வாரம் ஐந்து நாள் வேலை என்றால் உண்மையில் கிடைப்பது சுமார் 22 வேலை நாட்கள். எப்போது லீவு என்பதையும் வேலையின் தேவையைப் பொறுத்து நிறுவனம் முடிவு செய்யலாம். பொங்கலுக்கு வர நினைத்தவர் ஜூன் வெயிலில் வந்து இறங்குவது இப்படித்தான்.

பேசிக் சம்பளம் ஏன் முக்கியம்?

இரண்டு பேருக்கும் துபாயில் மாதம் 4,000 திர்ஹாம் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு பேசிக் 2,000, மீதி அலவன்ஸ். இன்னொருவருக்கு பேசிக் 3,000. மாதாமாதம் கைக்கு வருவது ஒன்றுதான். ஆனால் வேலையை விட்டு வரும்போது, எடுக்காத லீவுக்கான பணமும் கிராஜுவிட்டியும் பேசிக்கை வைத்தே கணக்கிடப்படும். முதல் ஐந்தாண்டுகளுக்கு, ஆண்டுக்கு 21 நாள் பேசிக் என்பது கிராஜுவிட்டி விதி. ஐந்தாண்டு முடித்துக் கிளம்பினால் முதல் ஆளுக்கு 7,000 திர்ஹாம். இரண்டாமவருக்கு 10,500. எடுக்காத 30 நாள் லீவு இருந்தால், அதிலும் 1,000 திர்ஹாம் வித்தியாசம். அதனால் "மொத்தம் எவ்ளோ?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்து போடுவது நஷ்டத்தில் முடியலாம்.

வருடாந்திர விமான டிக்கெட்டும் அப்படித்தான். அமீரகச் சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் உண்டு. இல்லாவிட்டால் பண்டிகைக் கால டிக்கெட் விலை சொந்தக் காசுதான்.

துக்கத்துக்கு எத்தனை நாள்?

கணவனோ மனைவியோ இறந்தால் அமீரகத்தில் 5 நாள் விடுப்பு. அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள், தாத்தா, பாட்டி என்றால் 3 நாள். இறந்த நாளிலிருந்தே கணக்கு தொடங்கிவிடும். துபாயிலிருந்து திருச்சிக்கு டிக்கெட் கிடைத்து, அங்கிருந்து ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒரு நாள் போய்விடும். பதினாறாம் நாள் காரியம் வரை இருக்க வேண்டுமானால் வருடாந்திர லீவில்தான் கை வைக்க வேண்டும். சிங்கப்பூரில் இப்படி ஒரு விடுப்பே சட்டத்தில் இல்லை. பல நிறுவனங்கள் தாங்களாகத் தருகின்றன, அவ்வளவுதான்.

அப்படியானால் உள்ளூர் வேலைதான் பெஸ்டா? ஐ.டி., வங்கி போன்ற இடங்களில் இருப்பவர்கள் அப்படிச் சொல்லலாம். ஒரு மணி நேரத்தில் வீடு போய்ச் சேரலாம் என்பதன் மதிப்பு எந்த ஆஃபர் லெட்டரிலும் வராது. ஆனால் கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்பதற்கே 2021-ல் சட்டத் திருத்தம் தேவைப்பட்ட மாநிலம் இது. நியமனக் கடிதமே இல்லாத கடைகளில் 12+12+12 என்று பேசினால் சிரிப்பார்கள். லீவு போட்டால் அன்றைய சம்பளம் கட். அவர்களில் ஒருவருக்கு, சம்பளத்துடன் 30 நாள் என்று எழுத்தில் தரும் வேலை நிச்சயம் முன்னேற்றம்தான்.

அமீரகத்துக்குப் போகிறவர்கள் ஆஃபர் லெட்டரைத் தமிழிலும் கேட்டு வாங்கலாம். அங்குள்ள தொழிலாளர் அமைச்சகம் அனுமதித்துள்ள மொழிகளில் தமிழும் உண்டு. அதில் பேசிக் எவ்வளவு, டிக்கெட் யார் பொறுப்பு, லீவு எத்தனை நாள் என்ற மூன்றையும் கையெழுத்து போடுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.