இணைப்பு அறுபடுவது எங்கே?



இரவு ஒன்பதரை மணி. ரியாத் நகரில் அப்பொழுது ஏழு மணி. வேலை முடிந்து அறைக்குத் திரும்பும் என் மருமகன், தம் ஆறு வயது மகனின் முகத்தைப் பார்ப்பதற்காகக் காணொளி அழைப்பில் வருகின்ற நேரம் அது. இங்கே எங்கள் இல்லத்தில் கணினியின் முன்னால் பேரன் கணக்குப் புத்தகத்தோடு அமர்ந்திருப்பான். வாப்பா அங்கிருந்தே கூட்டலும் கழித்தலும் சொல்லிக்கொடுப்பார். பெரிய திரை என்பதால், பார்வை மங்கிய என் மனைவியும் அருகில் அமர்ந்து மருமகனை நலம் விசாரிப்பாள். சில நிமிடங்கள்தாம் செல்லும். திரையில் அந்த முகம் அப்படியே உறைந்து நின்றுவிடும். குரல் துண்டு துண்டாகி அறுந்துபோகும். மறுபடியும் அழைப்பார், மறுபடியும் அறும்.

பத்து நாள்கள் இவ்வாறு கழிந்தன. பதினோராம் நாள் பேரன் கணினியின் முன்னால் வந்து அமர மறுத்துவிட்டான். "வாப்பா பாதியிலேயே போயிடுவாங்க" என்றான். அங்கே மருமகனோ, "பேசப் பிடிக்காம யாரோ நிறுத்திடுறாங்க போலிருக்கே, மாமா" என்று விளையாட்டாகச் சொல்வது போலச் சொன்னார். அது விளையாட்டுப் பேச்சன்று என்பது எனக்கும் தெரிந்தது. என் மகளுக்கும் தெரிந்தது. அன்றிரவு அவள் சாப்பிடவில்லை.

அயல்நாட்டில் ஒருவரும் இங்கே மற்றவர்களுமாக வாழும் இல்லங்கள் நம்மிடையே எத்தனை எத்தனை! அந்த இல்லங்களில் இணைய இணைப்பு அடிக்கடி அறுபடுவதென்பது வெறும் கருவிக் கோளாறாக நின்றுவிடுவதில்லை. ஆகவே இம்மாதம் இதைப் பற்றியே எழுதத் துணிந்தேன். நான் பொறியாளனல்லன். பட்டுத் தெரிந்துகொண்டவன்.

முதலில் நான் செய்த தவறுகளைச் சொல்லிவிடுகிறேன். இணைப்பு வழங்கும் நிறுவனத்தாரைத் தொலைபேசியில் அழைத்துக் கடிந்துகொண்டேன். அவர்களுடைய ஆள் மறுநாள் காலை பதினொரு மணிக்கு வந்து பார்த்து, "எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது" என்று கூறிச் சென்றார். இரண்டாம் முறை வந்து பெட்டியையே மாற்றிக் கொடுத்தார். பயனில்லை. வேகம் போதவில்லை போலும் என்றெண்ணி, மாதக் கட்டணத்தை உயர்த்தி, நாற்பது எம்.பி.பி.எஸ். வேகத்தை நூறாக்கினேன். அதுவும் வீண் செலவே. காணொளி அழைப்பொன்றுக்கு மூன்று நான்கு எம்.பி.பி.எஸ். தாராளமாகப் போதும் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். குழாய் எங்கோ உடைந்திருக்கையில் தொட்டியைப் பெரிதாக்கிய கதை இது!

நேயர்களே, இணையம் நம் கணினிக்கு வந்துசேர இரு வழித்துண்டுகள் உள்ளன. தெருவிலிருந்து வரும் கண்ணாடி இழை, சுவரிலுள்ள பெட்டி வரையில் வருகிறதே, அது முதல் துண்டு. அதற்கு நிறுவனத்தார் பொறுப்பு. ரவுட்டர் என்று நாம் அழைக்கும் அந்தப் பெட்டியிலிருந்து கணினி வரையில் வைஃபை அலையாகவோ கேபிள் வழியாகவோ வருவது இரண்டாம் துண்டு. அது நம் இல்லத்தின் பொறுப்பு. எந்தத் துண்டில் அறுகிறது என்று அறியாமல் எதையும் மாற்றுவதும், எவரையும் ஏசுவதும் இருட்டில் கல்லெறிவதாகும்.

இதனை அறிய ஒரு காசும் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. விண்டோஸ் கணினியில் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி, ஆங்கிலத்தில் சி, எம், டி என்னும் மூன்றெழுத்துகளை அடித்து எண்டர் விசையைத் தட்டினால் கறுப்புச் சாளரம் ஒன்று திறக்கும். அதில் 'பிங்' என்னும் சொல்லை ஆங்கில எழுத்துகளில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு ரவுட்டரின் எண்முகவரியை அடிக்க வேண்டும். அம்முகவரி பெட்டியின் அடியில் ஒட்டப்பட்ட தாளில் அச்சிடப்பட்டிருக்கும். பல இல்லங்களில் அது 192.168.1.1 என்பதாக இருக்கும். பின்னர் மேலும் ஓர் இடைவெளி விட்டு, சிறு கோடும் டி என்னும் எழுத்தும் சேர்த்து எண்டர் தட்டுங்கள். கணினி ரவுட்டரை நோக்கி, "இருக்கிறாயா?" என்று நொடிக்கொரு முறை கேட்கத் தொடங்கும். பதில் வர எத்தனை மில்லிசெகண்டு ஆயிற்று என்பதும் வரிவரியாகத் தோன்றும். இதே போல இன்னொரு சாளரத்தைத் திறந்து, அதில் 8.8.8.8 என்னும் முகவரியைக் கேட்கச் செய்யுங்கள். இது கூகுள் நிறுவனம் 2009-ஆம் ஆண்டு முதல் பொதுமக்களுக்காக நடத்திவரும் சேவைக் கணினியொன்றின் முகவரி. ஆக, முதற்சாளரம் வீட்டுக்குள்ளே கேட்கிறது. இரண்டாவது வெளியுலகைக் கேட்கிறது. போதும் என்று தோன்றும்போது கண்ட்ரோல் விசையோடு சி விசையை அழுத்தினால் நின்றுவிடும்.

இரண்டு சாளரங்களையும் ஓட விட்டுவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். இணைப்பு அறுந்த அந்த நொடியில் வந்து நோக்குங்கள். வெளியுலகச் சாளரத்தில் மட்டும் பதில் நின்று, ரவுட்டரிடமிருந்து பதில் வந்துகொண்டிருந்தால் கோளாறு வீட்டுக்கு வெளியே. இரண்டுமே நின்றுபோயிருந்தால் வீட்டுக்குள்ளே. அப்போது வைஃபையில் இணைந்துள்ள கைப்பேசியையும் எடுத்துப் பாருங்கள். அதிலும் இணையம் இல்லையென்றால் ரவுட்டரே நின்றுபோயிருக்கலாம். கைப்பேசியில் மட்டும் வருகிறதென்றால் ரவுட்டருக்கும் கணினிக்கும் இடையிலேதான் குற்றம். இரண்டு சாளரங்களிலும் பதில் ஒழுங்காக வந்துகொண்டிருக்க, தளங்கள் மட்டும் திறக்க மறுக்கின்றனவா? இணைப்பின் மீது பழி போடாதீர்கள். கணினியின் தேதியைப் பாருங்கள். பழைய கணினியின் உள்ளே சி.ஆர்.2032 என்னும் காசு வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டால், திறக்கும் போதெல்லாம் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். தேதி பொருந்தாத கணினிக்குப் பாதுகாப்பான தளங்கள் திறவா. ஐம்பது ரூபாயை ஒட்டிய பேட்டரிக்காகக் கணினியையே விற்க முனைந்தவரை நான் அறிவேன்.

எங்கள் இல்லத்தில் இச்சோதனையை நடத்தியபோது இரண்டு சாளரங்களும் ஒருசேர நின்றன. நிற்பதற்குச் சற்று முன்னர், ரவுட்டரின் பதில் இரண்டு மூன்று மில்லிசெகண்டு என்றிருந்தது திடீரென்று நூற்றுக்கணக்காக ஏறியது. மகளின் கைப்பேசியிலோ யாதொரு தடையும் இல்லை. அப்படியானால் நிறுவனத்தார் நிரபராதிகள்! குற்றவாளி எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தது.

அறுபடும் நேரங்களைக் குறிப்பேட்டில் எழுதலானேன். 9.34, 9.38, 9.41. மறுநாள் 9.33, 9.37, 9.42. வெள்ளிக்கிழமை பிற்பகல் 2.50-க்கு ஒரு முறை. அந்தத் தாளை வைத்துக்கொண்டு நான் விழித்துக்கொண்டிருந்தபோது, என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "இது நான் பால் சுட வைக்கிற நேரமில்லையா?" என்றாள். பேரன் வாப்பாவுடன் பேச உட்கார்ந்தவுடன் அவனுக்கு ஒரு கோப்பை, பிறகு எனக்கு, பிறகு அவளுக்கு என்று மூன்று முறை மைக்ரோவேவ் அடுப்பில் பால் சுடும். வெள்ளிக்கிழமை பிற்பகல்? தாமதமாக வந்த விருந்தினருக்கு நெய்ச்சோற்றைச் சூடாக்கியிருக்கிறாள். ரவுட்டரோ, கம்பி நுழைக்கச் சுவரில் வசதியான துளை அங்கேதான் இருந்தது என்பதற்காக, அடுக்களையில் அந்த அடுப்புக்கு ஒரு முழ தூரத்தில் மாட்டப்பட்டிருந்தது!

மைக்ரோவேவ் அடுப்பு, உணவைச் சூடாக்க ஏறத்தாழ 2.45 கிகாஹெர்ட்ஸ் அலையைப் பயன்படுத்துகிறது. பழைய வைஃபை கருவிகள் பேசுவதும் 2.4 கிகாஹெர்ட்ஸ் எனப்படும் அதே வரிசையில்தான். அடுப்பின் ஆற்றல் 800 வாட் என்றால், ரவுட்டர் அனுப்பும் அலையின் ஆற்றல் ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அடுப்பின் கதவு விளிம்பிலே கசியும் மிகச் சிறு பகுதி மனிதருக்குத் தீங்கு செய்யாத வரம்புக்குள் இருப்பினும், வைஃபையின் மெல்லிய குரலை அமுக்கிவிடப் போதுமானது. கல்யாண வீட்டில் ஒலிபெருக்கிக்கு அருகில் நின்று காதோடு இரகசியம் பேச முடியுமா? எங்கள் கணினியில் செருகியிருந்த விரலளவு வைஃபை டாங்கிள் 2.4 மட்டுமே அறிந்தது. மகளின் கைப்பேசி 5 கிகாஹெர்ட்ஸில் இணைந்திருந்ததால் தப்பித்தது. காலை பதினொரு மணிக்கு வந்த ஆளுக்கு ஏன் எதுவும் தென்படவில்லை என்பதும் விளங்கிற்று. அந்நேரத்தில் எங்கள் வீட்டில் யார் பால் குடிக்கிறார்கள்?

பரிகாரம் எளிது. பன்னிரண்டு மீட்டர் லேன் கேபிள் வாங்கி, ரவுட்டரிலிருந்து கணினிக்கு நேராக இழுத்தோம். அசையாமல் ஒரே இடத்தில் இருக்கும் கணினிக்குக் கேபிளே சிறந்தது என்பது என் கருத்து. நூறு மீட்டர் வரையில் குறைவின்றி அது வேலை செய்யும். கேபிள் இழுக்க வழியில்லாதவர்கள் 5 கிகாஹெர்ட்ஸும் அறிந்த டாங்கிளை வாங்கலாம். ஆனால் அந்த அலை தடித்த சுவர்களைத் தாண்டும்போது விரைவில் சோர்ந்துவிடும் என்பதை மறவாதீர்கள். பழைய காரைச் சுவர் வீடுகளில் இது பெரிய இடர்.

இன்னும் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மின்சாரம் போய் இன்வெர்ட்டர் ஏற்கும்போது ரவுட்டர் மட்டும் அணைந்து எழுந்தால், இன்வெர்ட்டர் ஏற்கும் வரையிலான சிறு இடைவெளியை அது தாங்கவில்லை என்று பொருள், ரவுட்டருக்கென்று சிறு யு.பி.எஸ். ஒன்றை வையுங்கள். சிறிது நேரம் தொடாமல் விட்டால் மட்டும் இணைப்பு போகிறதென்றால், கணினி மின்சாரத்தை மிச்சப்படுத்த வைஃபை கருவியை உறங்க வைக்கிறது. டிவைஸ் மேனேஜரில் அக்கருவிக்குரிய பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் அந்த அனுமதியை நீக்கிவிடலாம். ரவுட்டர் மீது துணி போர்த்துவதும், அதன் மேல் பூச்சாடி வைப்பதும் வேண்டா.

கேபிள் இழுத்த பின் மூன்று வாரம் தொல்லையில்லை. மழை பெய்த ஓர் இரவு, மறுபடியும் அறுந்தது. இம்முறை வெளியுலகச் சாளரம் மட்டும் நின்றது. ரவுட்டர் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. பெட்டியில் எல்.ஓ.எஸ். என்று எழுதிய இடத்தில் சிவப்பு விளக்கு. வெளியிலிருந்து வரும் ஒளி வந்துசேரவில்லை என்பதே அதன் பொருள். அந்த இழையைக் கழற்றி அதன் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கும் ஆவல் எவருக்கும் வரக்கூடாது. அதில் ஓடுவது கண்ணுக்குப் புலப்படாத ஒளி, கண்ணுக்கு ஆகாது. நான் நிறுவனத்தாரை அழைத்து, இம்முறை கடிந்து பேசாமல், எந்த நாள், எந்த மணிக்கு, எவ்வளவு நேரம் சிவப்பு விளக்கு எரிந்தது, அப்போது மழை இருந்ததா என்று குறிப்பேட்டைப் பார்த்துப் படித்தேன். வந்த இளைஞர் வீட்டுக்குள்ளேயே நுழையவில்லை. நேராகத் தெருவிளக்குக் கம்பத்திலிருந்த இணைப்புப் பெட்டியைத் திறந்தார். உள்ளே மழைநீர் தேங்கியிருந்தது. முனையை அறுத்துப் புதிதாக ஒட்டிவிட்டு, அரை மணி நேரத்தில் புறப்பட்டார்.

அன்றிரவு ஒன்பதரைக்குப் பேரனை யாரும் அழைக்கவில்லை. கணக்குப் புத்தகத்தோடு அவனே வந்து அமர்ந்திருந்தான்.