தம்பி என்று கூப்பிட்டால் யார் வருவது?



சென்ற மாதம் பிள்ளைகளின் கையெழுத்தைப் பற்றி எழுதினேன். இந்த மாதம் பூனையைப் பற்றி எழுதப் போகிறேன். 'வாத்தியாருக்கு வேறு வேலை இல்லையா?' என்று சிரித்துவிடாதீர்கள். நம் தோட்டப்புறத்தில் பூனை நடமாடாத லயம் ஏது? ஆனால் அந்தப் பூனைகளில் எத்தனை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வருகின்றன? அதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் வீட்டில் முத்து, சிட்டு, வெள்ளச்சி என்று மூன்று பூனைகள் முன்பே இருந்தன. நான்காவதாக வந்து சேர்ந்தது ஒரு வளர்ந்த கடுவன். செம்பட்டை நிறம். வால் நுனி கொக்கிபோல் மடங்கியிருக்கும். நம் நாட்டுப் பூனைகளிடம் இது சாதாரணமாகக் காணக்கூடியதுதான். எங்கள் வரிசையின் கடைசி வீட்டுப் பாட்டி வளர்த்த பூனை அது. பாட்டி முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகும் தோட்டத்தை விட்டு நகராதவர். முழங்கால் வலி முற்றியதும் மகன் வந்து பட்டணத்து அடுக்குமாடி வீட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே பூனை வளர்க்க வசதியில்லை. புறப்படும் நாளன்று விடியற்காலையில், கூடையில் பூனையை வைத்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"சார், இவன் பேரு தம்பி. ஆறு வருஷமா என்கூட இருக்கான். பேரு சொன்னா வருவான்" என்றார். வேறொன்றும் சொல்லாமல் திரும்பி நடந்தார்.

சிக்கல் அந்தப் பெயரில்தான் இருந்தது. எங்கள் இளைய மகனையும் நாங்கள் 'தம்பி' என்றுதான் அழைக்கிறோம். என் துணைவியார் "தம்பி, சாப்பிட வா" என்றால் அலமாரிக்கு அடியிலிருந்து பூனை தலையை நீட்டும். மகனும் தட்டோடு வருவான். "தம்பி, வீட்டுப்பாடம் எழுதினாயா?" என்று நான் குரலை உயர்த்தினால் மகன் அசையமாட்டான், பூனை ஓடி ஒளிந்துகொள்ளும்! இப்படியே ஒரு வாரம் போனது. தன் பெயரைக் கேட்டாலே பூனை பயப்படத் தொடங்கியது.

'பூனைதானே, எப்படியோ போகட்டும்' என்று நான் விட்டுவிடாததற்குக் காரணம் உண்டு. சில வருஷங்களுக்கு முன் எங்களிடம் கருப்பன் என்றொரு பூனை இருந்தது. செம்பனைக் காட்டில் எலித் தொல்லை அதிகம் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எலியைப் பிடிக்கக் கூகைப் பெட்டி வைப்பதும் உண்டு. மரத்தடியில் எலி மருந்து வைப்பதும் உண்டு. அந்த மருந்துகளில் பல, இரத்தத்தை உறையவிடாமல் செய்பவை. தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரியும். தள்ளாடும் எலியைப் பிடிப்பது பூனைக்கு எளிது. அந்த எலியின் உடம்பில் இருக்கும் மருந்து பூனையையும் தாக்கும்.

மருந்து வைக்கப் போகிறார்கள் என்று தெரிந்த அன்று மாலை கருப்பனைக் கூப்பிட்டேன். வரவில்லை. அவனுக்குப் பெயரைப் பழக்கவே இல்லை, எப்படி வருவான்? நாலைந்து நாள் கழித்து ஈறு வெளுத்து, மூக்கில் இரத்தம் கசிய வந்து படுத்தான். பட்டணத்து மிருக வைத்தியரிடம் கொண்டு போனோம். 'கே' வைட்டமின் கொடுத்துக் காப்பாற்ற வழியுண்டு, ஆனால் முன்னதாகவே கொண்டுவந்திருக்க வேண்டும் என்றார். அன்றிரவு சவர்க்காரப் பெட்டிக்குள் வைத்து வீட்டுக்குப் பின்னால் புதைத்தோம். மகன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஆகவே, தம்பிக்குத் தனிப் பெயர் வேண்டும் என்று முடிவு செய்தோம். வளர்ந்த பூனை புதுப் பெயரைக் கற்குமா? கற்கும். ஜப்பானில் அட்சுகோ சைட்டோ என்ற ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் 2019ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பூனையின் பெயரைப் போலவே ஒலிக்கும் நான்கு சொற்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கச் செய்து, ஐந்தாவதாகப் பெயரைச் சொன்னார்கள். மற்றச் சொற்களுக்கு அலுத்துப்போயிருந்த பூனைகள் பல, தம் பெயருக்குக் காதையும் தலையையும் திருப்பின. வீடுகளில் வளர்ந்தவை, உடன் வாழும் பூனைகளின் பெயரையும் தம் பெயரையும் பிரித்தறிந்தன. ஆனால் வாடிக்கையாளர்கள் வந்து கொஞ்சிப் போகும் பூனைக் காப்பிக் கடையில் இருந்தவை அப்படிப் பிரித்தறியவில்லை. அங்கே ஒன்றன் பெயரைச் சொன்னால் இன்னொன்றுக்கும் தடவலும் தீனியும் கிடைக்கும் அல்லவா? பெயருக்கும் பலனுக்கும் தொடர்பு அறுந்தால் பாடம் ஏறாது. இது வகுப்பறைக்கும் பொருந்தும்.

இனி, நாங்கள் செய்ததைச் சொல்கிறேன்.

முதலில் பெயர். மகன் 'பட்டு' என்றான். 'சிட்டு' இருக்கும்போது 'பட்டு' கூடாது, இரண்டும் குழம்பும். மகள் வாலைப் பார்த்து 'கொக்கி' என்றாள். சின்னப் பெயர், மற்ற மூன்றோடு ஒட்டாத ஓசை. அதையே வைத்தோம்.

அடுத்து இடம். கடைசி அறையின் கதவைச் சாத்திவிட்டு அவனை மட்டும் வைத்துப் பழக்கினேன். மற்றவை பக்கத்தில் இருந்தால் புதிய பூனைக்குக் கவனமெல்லாம் அவற்றின் மேல்தான். சாப்பாட்டுக்குச் சற்று முன், பசி இருக்கும்போது, மூன்று நான்கு நிமிஷம் போதும். அவித்த கெம்போங் மீனை முள் நீக்கி, மொச்சைக்கொட்டை அளவு பிய்த்து வைத்துக்கொண்டேன்.

பிறகு, கூப்பிடும் முறை. முதலாம் ஆண்டு வகுப்பில் வீட்டுப் பெயர் மட்டும் தெரிந்த பிள்ளை, பதிவேட்டுப் பெயரைச் சொன்னால் எழுந்திருக்காது. பதிவேட்டுப் பெயரை முதலில் சொல்லி, உடனே "பாப்பா" என்பேன். சில நாளில் முதல் பெயருக்கே எழுந்துவிடும். அதே வழிதான் இதற்கும். "கொக்கி" என்று மெல்லச் சொல்லி, ஒரு மூச்சு விட்டு, "தம்பி" என்பேன். திரும்பிப் பார்த்தால் மீன். வரிசையை மாற்றக் கூடாது. புதுப் பெயர் முன்னால், பழைய பெயர் பின்னால். ஐந்தாறு நாளில் 'கொக்கி' என்றதுமே காது திரும்பியது. பழைய பெயரை விட்டுவிட்டேன்.

பெயரை ஒரு முறைதான் சொல்ல வேண்டும். பத்து முறை கத்தினால் அது வெறும் சத்தமாகிவிடும். வீட்டில் எல்லாரும் ஒரே பெயரைச் சொல்ல வேண்டும். அப்பா ஒன்று, அம்மா ஒன்று, பிள்ளை ஒன்று என்று செல்லப் பெயர் வேண்டாம். முக்கியமாக, மருந்து ஊற்றவோ திட்டவோ பெயரைச் சொல்லி அழைக்காதீர்கள். அதற்கு நீங்களே எழுந்து போய்த் தூக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரம் கழித்து நான்கையும் ஒன்றாக உட்கார வைத்தேன். பெயர் சொன்னதற்கு மட்டுமே மீன். "கொக்கி" என்றபோது முத்துதான் முந்திக்கொண்டு வந்தான். கொடுக்கவில்லை. கையை மூடிக்கொண்டேன். கொக்கி வந்த பிறகு கொடுத்தேன். பிறகு "முத்து" என்று அழைத்து அவன் பங்கைக் கொடுத்தேன். முதல் மூன்று நாள் ஒரே அமளி! நான்காம் நாள் வெள்ளச்சி தன் முறைக்குக் காத்திருக்கப் பழகிவிட்டாள். பிறகு வாசல், பின்கட்டு, கோழிக்கூடு என்று தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன்.

ஏறக்குறைய ஐந்தாவது வாரம், மறுநாள் எங்கள் பக்கத்து நிரையில் எலி மருந்து வைக்கிறார்கள் என்று மண்டோர் வந்து சொன்னார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மூன்று பூனைகள் வீட்டில், கொக்கி இல்லை. வாய்க்கால் ஓரம் நின்று ஒரு முறை கூப்பிட்டேன். மகன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். செம்பனை மட்டைக் குவியலுக்குப் பின்னால் மடங்கிய வால் ஒன்று தெரிந்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், என் கை நடுங்கியது. அன்று அவனுக்கு முழு மீன். அதன் பிறகு பல நாள் நான்கையும் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தோம்.

கோயில் திருவிழாவுக்குப் பாட்டி வந்தார். வாசலில் நின்று "தம்பி!" என்றார். மகனும் ஓடினான், பூனையும் ஓடியது. பெயரை மாற்றியதைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"கொக்கியா? வாலைச் சொல்லியா கூப்பிடுறீங்க?" என்று முகம் சுருங்கினார். எனக்குச் சுருக்கென்றது. வகுப்பில் நொண்டி, குட்டை என்று பட்டப்பெயர் வைக்கும் பிள்ளைகளைக் கண்டிப்பவன் நான். என் வீட்டில் நான் செய்தது என்ன?

பாட்டி பூனையை மடியில் போட்டுத் தடவிக்கொண்டே, "போகட்டும் சார். அதட்டாம கூப்பிடுறீங்கள்ல? அவனுக்கு அது போதும்" என்றார். போகும்போது அவரே மெல்ல "கொக்கி" என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தார். அவன் காதைத் திருப்பினான்.

வாசகர்களே, உங்கள் லயத்திலும் பட்டணம் போனவர்கள் விட்டுச் சென்ற பூனை ஒன்று திரிந்துகொண்டிருக்கலாம். இன்று மாலை ஒரு துண்டு மீனோடு தொடங்குங்கள். எலி மருந்து எப்போது வைக்கிறார்கள் என்பதையும் முன்கூட்டியே மண்டோரிடம் கேட்டு வையுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.