கை கொடுத்தால் குற்றமா?

அமெரிக்காவிலே, அட்லாண்டா நகரிலே, கறுப்பினப் பெண்கள் சிலர் கூடி 2019-ஆம் ஆண்டில் ஒரு நிதி நிறுவனம் தொடங்கினார்கள். ‘ஃபியர்லெஸ் ஃபண்ட்’ என்று பெயர். ‘அஞ்சா நிதி’ என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். தங்கள் இனத்துப் பெண்கள் நடத்தும் சிறுதொழில்களிலே சிலவற்றைப் போட்டி வைத்துப் பொறுக்கியெடுத்து, 20,000 டாலர் வீதம் நன்கொடை தந்தார்கள். 2023 ஆகஸ்டிலே வழக்கு வந்தது, ‘இது இனபேதம்’ என்று! 2024 ஜூனிலே மேல்முறையீட்டு நீதிபதிகள் மூவரில் இருவர் வழக்குத் தொடுத்தவர் பக்கம் சாய்ந்தனர். செப்டம்பரில் சமரசம். போட்டி மூடப்பட்டது.

எந்தச் சட்டத்தைக் காட்டி? 1866-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி! அடிமை விலங்கு அறுபட்ட மறு ஆண்டிலே, விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கும் வெள்ளையரைப் போல ஒப்பந்தம் செய்யும் உரிமை உண்டு என்று சொல்லப் பிறந்த சட்டம் அது. காவலுக்கு நட்ட வேலி, பயிரின் கழுத்திலே சுற்றிக்கொண்டது. புதுத் தொழில்களிலே முதலாளிகள் கொட்டும் பணத்தில் கறுப்பினப் பெண்களுக்குச் சேர்வது நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை. மீதியைப் பார்த்து வராத கோபம், இந்த 20,000 டாலரைப் பார்த்து வந்திருக்கிறது!

‘தனியாக ஏன் கூடவேண்டும்?’ என்று கேட்கிறார்கள். கூடவைத்தது யார் என்று நாம் கேட்கிறோம்.

ஒக்லஹாமா மாநிலத்து டல்சா நகரத்தைப் பாருங்கள். இரயில் பாதைக்கு வடக்கே கிரீன்வுட் என்ற பகுதி. தெற்கே வெள்ளையர் வீட்டிலே சமைத்தவர், துவைத்தவர், சுமை தூக்கியவர் பெரும்பாலோர் வடக்கேதான் குடியிருந்தார்கள். தெற்கே கூலி வாங்கி வடக்கே வந்து செலவழித்தார்கள். அந்தக் கூலியிலேதான் மளிகைக்கடை எழுந்தது, சிகையலங்காரக் கடை எழுந்தது, ஸ்ட்ராட்ஃபோர்டு என்பாரின் விடுதி எழுந்தது, திரையரங்கம் எழுந்தது, பத்திரிகையும் எழுந்தது. கடைக்காரரின் கல்லாவிலே இருந்தது பாட்டாளியின் வியர்வை. இதைத் தோழர்கள் மறக்கலாகாது.

1921 மே 31 இரவும் மறுநாளும் வெள்ளைக் கும்பல் புகுந்தது. நகர அதிகாரிகளே அக்கும்பலைச் சேர்ந்தவர்களுக்குத் துப்பாக்கி கொடுத்தனர். முப்பத்தைந்து வட்டாரங்கள் சாம்பல். ஏறத்தாழ 10,000 பேர் வீடிழந்தனர். இறந்தோர் 300 பேர் வரை இருக்கலாம் என்கிறார்கள். இன்ஷ்யூரன்சு கம்பெனிகளோ, ‘கலவரத்துக்கு ஈடு இல்லை’ என்று பாலிசியிலே பொடி எழுத்தைக் காட்டின.

அதோடு விட்டார்களா? தீப்பிடிக்காத பொருளால்தான் இனி அங்கே கட்டவேண்டும் என்று நகராட்சி விதி செய்தது. சாம்பலிலே நிற்பவன் எங்கே போவான் அதற்கு? பி. சி. ஃபிராங்க்ளின் என்ற கறுப்பின வழக்கறிஞர் கூடாரத்திலே அலுவலகம் போட்டு வழக்காடி, அந்த விதியை வீழ்த்தினார். கடைகள் மீண்டும் எழுந்தன. 1925-இல் கறுப்பின வணிகர்களின் தேசிய சங்கம் தன் ஆண்டு மாநாட்டை அதே டல்சாவிலே கூட்டியது!

அந்தச் சங்கத்தை 1900-இல் நிறுவியவர் புக்கர் வாஷிங்டன். தொழில் வளர்ந்தால் உரிமை தானாக வரும் என்பது அவர் நம்பிக்கை. பெரியவர்தான், ஆயினும் இந்த இடத்திலே அவரோடு நாம் உடன்படுவதற்கில்லை. கிரீன்வுட்டிலே தொழில் வளரவில்லையா? வளர்ந்தது. ஆட்சியிலே பங்கில்லாதவர் கட்டிய கடைக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பதுதான் தெரிந்தது.

மாண்ட்கமரியிலே வேறு விதமாக நடந்தது. 1955 டிசம்பரிலே பஸ் புறக்கணிப்பு தொடங்கியபோது, கறுப்பின டாக்சிக்காரர்கள் பஸ் கட்டணமாகிய 10 சென்டுக்கே ஆள் ஏற்றினார்கள். நட்டம்தான்! குறைந்தபட்சக் கட்டணச் சட்டத்தைக் காட்டி நகராட்சி அதைத் தடுத்தது. கறுப்பினத்தாரின் மருந்துக்கடை ஒன்று, கார்கள் எங்கே போகவேண்டும் என்று சொல்லும் நிலையமாயிற்று. ஜார்ஜியா கில்மோர் என்ற சமையற்காரப் பெண்மணி வேலையிழந்தார்; தம் வீட்டிலேயே சமைத்து விற்கத் தொடங்கினார். பலகாரம் விற்ற காசு போராட்ட நிதிக்குப் போயிற்று. 381 நாள்! கடைக்காரரும் கூலிக்காரரும் ஒரே அணியிலே நின்றார்கள், வென்றார்கள்.

இன்று? 2020-இல் ஜார்ஜ் ஃபிளாய்டு கொல்லப்பட்டபின், பெருங்கம்பெனிகள் கறுப்பின வணிகருக்குக் கோடி கோடியாக வாக்களித்தன. ‘டார்கெட்’ என்ற பெருங்கடை, 2025 முடிவதற்குள் 200 கோடி டாலர் செலவிடுவோம் என்றது. 2025 ஜனவரியிலே காற்று மாறியதும், தன் இனச் சமத்துவத் திட்டங்களைச் சுருட்டிக்கொண்டது. அட்லாண்டா வட்டாரத்துக் கறுப்பினப் போதகர் ஒருவர், தவக்காலத்திலே 40 நாள் அங்கே வாங்காதீர் என்று அழைப்பு விட்டார்.

நியாயமான அழைப்பு. ஆனால் அந்தக் கடையின் அலமாரியிலே கறுப்பினச் சிறு வணிகரின் சோப்பும் தைலமும் இருக்கின்றனவே! பொருள் செய்து அனுப்பியாயிற்று; விற்காவிட்டால் அலமாரியிலிருந்து இறக்கிவிடுவார்கள். புறக்கணிப்பை ஆதரித்தால் பிழைப்பு போகும், எதிர்த்தால் மானம் போகும். சிலர், ‘எங்கள் சரக்கையாவது வாங்குங்கள்’ என்று கெஞ்சினார்கள். அவர்களைத் துரோகி என்று ஏச நாம் தயாரில்லை. பெரிய கடையின் அலமாரி தவிர வேறு வாசல் அவர்களுக்கு யார் திறந்து வைத்தார்கள்? ‘எங்களிடமே நேரே வாங்குங்கள்’ என்றனர் வேறு சிலர். தேவாலயத்திலே, முடிதிருத்தும் கடையிலே, அந்தச் சரக்கின் பெயர்களை ஒருவருக்கொருவர் சொல்லவேண்டும். முடிதிருத்தும் கடையிலே செய்தி எப்படிப் பரவும் என்பதைத் தோழர்களுக்கு நாம் சொல்லித் தரவேண்டியதில்லை.