வீட்டோடு ஆங்கிலம்: உங்கள் காதும் ஓர் ஆசிரியைதான்



கல்முனையிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார்: "மகள் வேலைக்கு ஆங்கிலத்தில் விண்ணப்பக் கடிதம் எழுதினாள். ஆசிரியை ஒரு வசனத்தின் கீழே சிவப்புக் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறா. என்ன பிழை என்று மகளுக்கு விளங்கவில்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பிள்ளைக்கு உதவ எனக்கு ஏதும் வழியுண்டா?"

உண்டு, சகோதரி. முதலில் அந்த வசனத்தைப் பாருங்கள்:

ஐ கேன் டைப் லெட்டர்ஸ், கீப்பிங் அக்கவுண்ட்ஸ் அண்ட் டு ஆன்சர் த டெலிபோன்.

"கடிதம் தட்டச்சுச் செய்யவும், கணக்கு வைக்கவும், தொலைபேசிக்குப் பதில் சொல்லவும் என்னால் முடியும்" என்று சொல்லத்தான் பிள்ளை நினைத்தாள். சொற்களில் எழுத்துப் பிழை ஒன்றுமில்லை. பிழை இருப்பது வரிசையில். அவள் எழுதியபடியே தமிழில் சொல்லிப் பாருங்கள்: "கடிதம் தட்டச்சுச் செய்யவும், கணக்கு வைப்பதும், பதில் சொல்வதற்கும் என்னால் முடியும்." காதில் இடறுகிறதல்லவா? செய்யவும், வைக்கவும், சொல்லவும் என்று மூன்றும் ஒரே வாலோடு வரவேண்டும் என்பதை உங்களுக்கு யாரும் இலக்கண வகுப்பில் சொல்லித் தரவில்லை. உம்மாவின் மடியில் கேட்டுப் பழகியது அது. ஆங்கிலத்திலும் இதே ஒழுங்கு உண்டு. அதற்குச் சமாந்தர அமைப்பு என்று பெயர்.

பிறகு ஏன் நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் இடறுகிறார்கள்? தமிழில் 'உம்' ஒவ்வொரு சொல்லின் வாலிலும் உட்கார்ந்து நமக்கு நினைவூட்டிக்கொண்டே வருகிறது. ஆங்கிலத்தில் 'அண்ட்' ஒரே ஒரு தடவைதான், அதுவும் கடைசிச் சொல்லுக்கு முன்னால் வருகிறது. அது வருவதற்குள் முதற்சொல்லை எந்த வடிவத்தில் எழுதினோம் என்பது பிள்ளைக்கு மறந்துவிடுகிறது. டைப், டைப்பிங், டு டைப் என்ற மூன்றும் சரியான வடிவங்களே. ஆனால் ஒரே வரிசையில் மூன்றும் கலந்து நிற்கக் கூடாது. மருதமுனைத் தறியில் பாவு நூல் ஒன்று தளர்ந்து கிடந்தால் சேலையில் அந்த இடம் தெரியும். வசனமும் அப்படித்தான்.

திருத்தும் முறை இலகுவானது. பிள்ளையைக் கொப்பியில் இப்படி எழுதச் சொல்லுங்கள்:

ஐ கேன் –
டைப் லெட்டர்ஸ்
கீப் அக்கவுண்ட்ஸ்
ஆன்சர் த டெலிபோன்

இப்போது தலைப்பகுதியை ஒவ்வொரு வரியோடும் தனித்தனியே சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். 'ஐ கேன் டைப்' பொருந்துகிறது. 'ஐ கேன் கீப்பிங்' என்று வாசித்தால் பிள்ளையே நிறுத்திவிடுவாள். நீங்கள் பக்கத்திலிருந்து வால்கள் ஒத்திருக்கின்றனவா என்று கேட்டால் போதும்.

விண்ணப்பக் கடிதங்களில் வரும் இன்னொரு பிழை: ஐ ஆம் ஒனஸ்ட், பங்சுவல் அண்ட் வர்க் ஹார்ட். முதலிரண்டும் குணத்தைச் சொல்பவை, மூன்றாவது செயலைச் சொல்வது. 'ஹார்ட்வர்க்கிங்' என்று எழுதினால் மூன்றும் குணமாகி வரிசை நேராகிவிடும்.

'டு' வருமிடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். ஷீ வான்ட்ஸ் டு ஸ்டடி, டு வர்க் அண்ட் டு ஹெல்ப் ஹெர் மதர் என்று மூன்று இடத்திலும் போடலாம். முதலில் மட்டும் போட்டு மற்ற இரண்டிலும் விடலாம். இரண்டில் போட்டு ஒன்றில் விடுவதுதான் பிழை.

'நொட் ஒன்லி', 'பட் ஒல்சோ' இரண்டும் சோடிச் சொற்கள். அவற்றுக்குப் பின்னால் வருபவையும் சோடியாக இருக்கவேண்டும். ஷீ நொட் ஒன்லி டீச்சஸ் இங்லிஷ் பட் ஒல்சோ மெத்ஸ் என்றால் ஒருபக்கம் வினைச்சொல், மறுபக்கம் பாடத்தின் பெயர். ஷீ டீச்சஸ் நொட் ஒன்லி இங்லிஷ் பட் ஒல்சோ மெத்ஸ் என்றால் இருபக்கமும் பாடங்கள். தராசு சமமாகிவிட்டது.

ஓரிடத்தில் மட்டும் தமிழ்க் காதை நம்பவேண்டாம். "கல்முனை மீன் கொழும்பைவிட நல்லது" என்று பேச்சில் சொல்லிவிடுகிறோம், கேட்பவருக்கும் விளங்குகிறது. ஆங்கிலத்தில் அப்படியே எழுதினால் மீனை ஒரு நகரத்தோடு ஒப்பிட்டதாகிவிடும். த ஃபிஷ் இன் கல்முனை இஸ் ஃப்ரெஷர் தேன் த ஃபிஷ் இன் கொழும்பு என்று மீனை மீனோடுதான் ஒப்பிடவேண்டும்.

1987இல் வந்த 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் ஆங்கிலத்தை இந்நாட்டின் இணைப்பு மொழியாக்கியது. நம் கரையிலேயே, ஒலுவிலில், 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996இல் முழுப் பல்கலைக்கழகமான தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே பொறியியல் போன்ற துறைகளைப் படிக்க ஆங்கிலம் வேண்டும். அந்த வாசல்வரை நம் பெண்பிள்ளைகள் தயங்காமல் போகவேண்டும். "எனக்கு ஆங்கிலம் தெரியாது" என்று உம்மா பாடமேசையிலிருந்து ஒதுங்கிக்கொண்டால், பிள்ளை அங்கே தனித்துப் போகிறாள். வசனத்தின் கருத்தைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்கவும், வால்களைச் சரிபார்க்கவும் எட்டாம் வகுப்பே போதும்.

இம்மாதப் பயிற்சி. மூன்று வசனங்களையும் திருத்துங்கள்:

1. மை சிஸ்டர் லைக்ஸ் குக்கிங், சோயிங் அண்ட் டு ரீட்.
2. ஹீ கம்ஸ் ஹோம், டிரிங்க்ஸ் ஹிஸ் டீ அண்ட் ரீடிங் த பேப்பர்.
3. த மேங்கோஸ் இன் அவர் கார்டன் ஆர் ஸ்வீட்டர் தேன் த மார்க்கட்.

மகளோடு உட்கார்ந்து செய்து பாருங்கள். விடைகளை அடுத்த இதழில் சேர்ந்து பார்ப்போம், இன்ஷா அல்லாஹ். நம் பிள்ளைகளின் கல்வியில் வல்ல அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.