பூட்டை இழுத்துப் பாருங்கள்!

மாணவ நண்பர்களே, தொலைவிலுள்ள கணிப்பொறிகளை இணையம் வழியே வாடகைக்குப் பயன்படுத்துவதே மேகக் கணிமை. அங்கே எந்தத் தகவல் உள்ளே வரலாம், எது கூடாது என்று விதிப்படி தடுக்கும் காவலன் ‘ஃபயர்வால்’ என்னும் தீயரண்.

2019 மார்ச்சில், அமெரிக்காவின் கேபிடல் ஒன் வங்கியில் தீயரண் தவறாக அமைக்கப்பட்டிருந்தது. அந்த வழியே சுமார் 10 கோடி அமெரிக்கர், 60 லட்சம் கனடா நாட்டவர் ஆகியோரின் விவரங்கள் திருடுபோயின. வந்து போனதெல்லாம் பதிவேட்டில் பதிவாகியிருந்தது. ஆயினும் ஜூலையில் வெளியார் ஒருவர் மின்னஞ்சல் அனுப்பிய பிறகே வங்கிக்குத் திருட்டு தெரிந்தது!

பூட்டு வாங்கினால் போதுமா? இழுத்துப் பார்க்க வேண்டாமா? விதிகளை அடிக்கடி சோதிப்பதும், பதிவேட்டை அன்றாடம் கவனிப்பதும் கட்டாயக் கடமை ஆகவேண்டும் என்பதே என் கருத்து. நாளை இப்பணிக்கு வரப்போகும் நீங்கள் இதை மறவாதீர்கள்.