பந்தயம் ஓய்ந்த குதிரைக்கு ஒரு வீடு

எங்கள் வீட்டில் ‘ரேஸ்’ என்ற வார்த்தையைச் சத்தமாகச் சொல்லக் கூடாது. என் தாத்தா, பாட்டியின் இரட்டைவடச் சங்கிலியைக் குதிரைமேல் கட்டித் தொலைத்தவர். அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்த எனக்குக் குதிரை என்றாலே ஒரு கடுப்பு. அப்படிப்பட்டவள் இந்த இதழில் ஒரு ரேஸ் குதிரைக்காகப் பரிந்து எழுதுகிறேன் என்றால் உங்களுக்குச் சிரிப்புதான் வரும். எங்கள் வீட்டுக்காரரும் சிரித்தார்.

என் தங்கை குடித்தனம் இருப்பது அமெரிக்காவில், கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டனில். அவளுக்கு ஆபரேஷன் என்று போன வருஷம் மூன்று மாதம் கூட இருந்துவிட்டு வந்தேன். ரசப்பொடியும் வற்றலும் மூட்டை கட்டிக்கொண்டு போன கதையைத்தான் முன்பே எழுதியாயிற்றே! அந்த ஊரைச் சுற்றி எங்கே திரும்பினாலும் புல்வெளி, மரவேலி, குதிரை. அடுத்த வீட்டில் ஒரு ரிடையரான டீச்சரம்மா. ஊர் எல்லையில் அவருக்குக் கொஞ்சம் நிலமும் ஒரு லாயமும் உண்டு. அங்கே ரேஸ் குதிரை ஒன்றைத் தத்து எடுத்து வைத்திருந்தார். தங்கையின் பெண் பள்ளிக்கூடம் விட்டதும் அங்கேதான் ஓடுவாள்.

“தத்தா? இதென்னடி கூத்து, குழந்தையா அது?” என்றேன்.

“ஆமாங்கா. ரெண்டு வயசுல ஓட ஆரம்பிக்குது. அஞ்சு ஆறு வயசுல பலதும் ஓய்ஞ்சுடும். அப்புறம் இருபது வருஷம் யார் சோறு போடறது?” என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். குதிரை இருபத்தைந்து, முப்பது வயதுவரைகூட இருக்கும் பிராணி. கால் நொந்தாலோ, ஜெயிக்காமல் போனாலோ பந்தய வேலை முடிந்தது. பேர் எடுத்தவற்றையும் நல்ல பெட்டைகளையும் இனவிருத்திக்கு வைத்துக்கொள்வார்கள். காயடித்த ஆண் குதிரைக்கு அந்த வழியும் இல்லை.

பேர் எடுத்தால் மட்டும் என்ன? ஃபெர்டினாண்ட் என்று ஒரு குதிரை. 1986-ல் கென்டக்கி டெர்பி ஜெயித்தது. 1987-ல் அந்த நாட்டிலேயே சிறந்த குதிரை என்று விருது. 1994-ல் இனவிருத்திக்காக ஜப்பானுக்கு விற்றார்கள். அங்கே அதற்கு மவுசு குறைந்ததும் கை மாறி, 2002-ல் இறைச்சிக்கூடத்தில் அதன் கதை முடிந்தது. இது வெளியே தெரிந்ததே அடுத்த வருஷம்தான். கேட்டதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தாத்தா மேல் இருந்த கோபத்தைக் குதிரை மேல் வைத்திருந்தோமே என்று இருந்தது.

பக்கத்து ஜார்ஜ்டவுனில் ‘ஓல்டு ஃப்ரெண்ட்ஸ்’ என்ற பண்ணைக்குத் தங்கை என்னை அழைத்துப் போனாள். பாஸ்டன் பத்திரிகையில் சினிமா விமரிசனம் எழுதிக்கொண்டிருந்த மைக்கேல் ப்ளோவன் என்பவர் 2003-ல் ஆரம்பித்தது. வயசான குதிரைகள் அங்கே மேய்ந்துகொண்டிருக்கின்றன. போகிறவர்கள் காரட் கொடுக்கலாம். 1997-ல் டெர்பி ஜெயித்த சில்வர் சார்மை 2014 டிசம்பரில் ஜப்பானிலிருந்து இங்கே திரும்ப வரவழைத்தார்கள். நியூயார்க் மாநிலத்து வால்கில் சிறையில் 1984-லிருந்து கைதிகளே இப்படிப்பட்ட குதிரைகளைப் பராமரிக்கிறார்களாம்.

ஆனால் வீட்டுக்குத் தத்து கொடுப்பது லேசில் இல்லை. விண்ணப்பம், கால்நடை டாக்டரின் சிபாரிசு, லாயத்தை வந்து பார்ப்பது, அப்புறம் ஒப்பந்தம். திரும்பப் பந்தயத்துக்கு விடக் கூடாது. கேட்காமல் விற்கக் கூடாது. வைத்துக்கொள்ள முடியாமல் போனால் சங்கத்துக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட நம் பக்கம் இவ்வளவு விசாரிப்பதில்லை!

வந்த புதிதில் டீச்சரம்மாவின் குதிரை ஓரிடத்தில் நிற்காதாம். பந்தயத்தில் ஜாக்கியைத் தூக்கி ஏற்றிவிடும்போதே நடந்துகொண்டிருந்து பழக்கம். கடிவாளத்தை இழுத்துப் பிடித்தால் இன்னும் வேகம் எடுக்கும். வயிற்றில் புண் வேறு. குதிரையின் வயிற்றில் அமிலம் எந்நேரமும் சுரந்துகொண்டே இருக்கும். நாள் முழுக்க மேய வேண்டிய பிராணி அது. லாயத்தில் அடைத்து வேளைக்கு வேளை தானியம் கொடுத்தால் புண்ணாகாமல் என்ன செய்யும்? (காலையில் வெறும் காபியைக் குடித்துவிட்டுப் பன்னிரண்டு மணிவரை வேலை பார்க்கிற நம்மவர்களும் இதைக் கொஞ்சம் காதில் வாங்கிக்கொள்ளலாம்.) தானியத்தை மெல்ல மெல்லக் குறைத்து, உலர்ந்த புல்லை முன்னால் போட்டுக்கொண்டே இருந்தார். மூன்று மாதம் முதுகில் யாரும் ஏறவில்லை. குதிரைக்குத் தனிமை ஆகாது என்று துணைக்கு ஒரு வெள்ளாட்டையும் கட்டினார். ரேஸ் லாயங்களிலேயே உள்ள பழைய வழக்கமாம் இது. ஆடு வந்த பிறகு குதிரை அடங்கிற்று.

நான் ஊருக்குக் கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது டீச்சரம்மாவின் கணவருக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. வேறு மாநிலத்தில் இருக்கும் மகளிடம் போக முடிவு செய்தார்கள். குதிரையைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

எங்கள் பெண் சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டாள். “நாமே வச்சுக்கலாம்மா!” என்று ஒரே அழுகை. தங்கை இன்னும் தையல் ஆறாதவள். அவள் கணவர் கணக்குப் போட்டுப் பார்த்தார்: லாயத்துக்கு வாடகை, தினம் பத்து கிலோ புல், ஆறு வாரத்துக்கு ஒரு தரம் குளம்பு சீவ ஆள், டாக்டர். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

“குதிரைக்கு ஏழு வயசு. நீ மூணு வருஷத்துல காலேஜுக்குப் போயிடுவே. அப்புறம் யாரும்மா?” என்று கேட்டுவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

எனக்கும் உள்ளூர உறுத்தல்தான். வாழப் போன இடத்திலிருந்து பெண்ணைத் திருப்பி அனுப்புகிற மாதிரி இருந்தது. டீச்சரம்மாவிடமே சொன்னேன். “திருப்பிக் கொடுக்க இடம் இருந்ததால்தான் தைரியமாக வாங்கினேன். ஃபெர்டினாண்டுக்கு அந்த இடம் இல்லை” என்றார்.

வண்டி வந்த அன்று குதிரை ஏற மறுத்து முக்கால் மணி நேரம் முரண்டு பிடித்தது. கடைசியில் எங்கள் பெண்தான் ஆட்டைப் பிடித்து முதலில் ஏற்றினாள். பின்னாலேயே குதிரையும் ஏறிக்கொண்டது. ஆட்டையும் சேர்த்தே அனுப்பிவிட்டோம்.

போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். டீச்சரம்மா மூலமாக வந்ததாம். ஒஹாயோ பக்கம் ஒரு குடும்பம் தத்து எடுத்திருக்கிறது. குதிரை முதுகில் பத்து வயசுப் பையன், வேலிக்குப் பக்கத்தில் அதே வெள்ளாடு. “பெரியம்மா, நின்ன இடத்துல நிக்குது பாருங்க!” என்று எழுதியிருந்தாள்.

எங்கள் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “எத்தனை ரேஸ் ஜெயிச்சதாம்?” என்று கேட்டார்.

“இருபத்தேழு ஓடி ஒண்ணே ஒண்ணு” என்றேன்.